சிலேட்டில் ஏலக்காய் வாசம்

எழுபதுகளின் கடைசியில், போடி பஸ் நிலையத்தில் படுத்துறங்கும் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தேன். அவர்களில் பன்னிரண்டு வயதுப் பேச்சி என் செல்லம். அவளுடைய சிலேட்டை நான் கையில் வாங்கினாலே ஏலக்காய் மணக்கும். மற்ற நாட்களில் அவள், ஏலக்காய் தரம் பிரிக்கும் அன்னக்கிளியின் பக்கத்திலேயே கிடப்பாள். கையெழுத்துகூடப் போடத் தெரியாத அன்னக்கிளியை ‘ஆத்தா’ என்பாள். என்னை வெறும் ‘டீச்சர்’. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள், “அவ ஒன்னைய ஓசியில வேலை வாங்கத்தான் சேத்துக்கிட்டா” என்று பொய் சொன்னேன். பேச்சி அங்கே போவதை நிறுத்தினாள். அடுத்த ஞாயிறு சிலேட்டில் வாசம் இல்லை. உள்ளூர எனக்குச் சந்தோஷம்.

அன்றைக்கே அன்னக்கிளி தூக்குவாளியில் சோற்றோடு வந்து நின்றாள்.

“ஏன் தாயி ஒரு வாரமா காணோம்? மேலுக்கு முடியலையா?” என்று பேச்சியிடம் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பினாள். “போய் நாலெழுத்து படின்னு இவள ஒங்ககிட்ட வெரட்டி விடுறதே நாந்தான் டீச்சர். திரும்பி வந்தா ஒங்க பேச்சுத்தான். எனக்கே பொறாமையா இருக்கும்” என்று சிரித்தாள்.

பேச்சி என்னையே பார்த்தாள்.

“நான் சொன்னது பொய்யி, பேச்சி” என்றேன்.

மறுவாரம் சிலேட்டில் மறுபடியும் ஏலக்காய் மணத்தது. வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் யாரும் பார்க்காதபோது ஒருமுறை முகர்ந்துகொண்டேன்.