கதவு திறக்கும்வரை

போலீஸ்காரன் என்றால் உயிரைக் கொடுத்தாவது உள்ளே போகத்தான் வேண்டும் என்று கோப்பிக் கடையில் கால்மேல் கால் போட்டுப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனும் பிள்ளைகுட்டிக்காரன்தானே, எதற்காகப் போய்ச் சாக வேண்டும் என்று பேசுகிறவர்களைக் கண்டாலும் அப்படித்தான் வரும். இரண்டு பேருமே அந்தக் கதவுக்கு வெளியே நின்றவர்கள் இல்லை. நான் நின்றேன்.

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்ததற்கு அடுத்த வருஷம், ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை. காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டு வரிசையில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் டவுன் போலீஸில் மாத்தா, கான்ஸ்டபிள். காலை டூட்டி முடித்து, துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, மத்தியானம் வீட்டுக்கு வந்து கைலி கட்டிக்கொண்டு சோற்றுக்கு உட்கார்ந்தார். எனக்கு அப்போது மூன்று மாதம். அதற்குமுன் இரண்டு கரு தங்காமல் போயிருந்தது. அந்த வயிற்றை நான் எப்படிப் பொத்திப் பொத்திக் காத்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

எங்களுக்கு நான்காவது வீட்டில் லோரியில் ரப்பர் மூட்டை ஏற்றுகிற ஒருவர் இருந்தார். தோட்டத்திலிருந்து வந்தவர். வருஷா வருஷம் ஆடியில் அவர்மேல் முனியாண்டி சாமி இறங்கும். வரிசைக்குப் பின்னால் இருந்த மரத்தடியில் உடுக்கை அடிப்பார்கள், அவர் பாராங் கத்தியின் வாய்மேல் ஏறி நின்று குறி சொல்வார். அவர் மனைவி சின்னப் பெண். பைப்படியில் எனக்குக் குடம் தூக்க விடமாட்டாள். "நீங்க நவுருங்கக்கா, வவுத்துப் புள்ளக்காரி" என்று பிடுங்கிக்கொள்வாள்.

அன்றைக்கு அந்த மனுஷர் தலையோடு நனைந்து, உடம்பெல்லாம் மஞ்சளாக, கையில் பாராங்கோடு வெளியே வந்து நின்றார். உடுக்கைச் சத்தம் இல்லை. பூசை சாயங்காலத்துக்குத்தான். அதை யாராவது யோசித்தோமா? "சாமி முன்னாடியே வந்திருச்சு!" என்று ஒருத்தி கத்தினாள், அவ்வளவுதான். பெண்களெல்லாம் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக ஓடினோம். நானும்தான். அவர் காலில் தண்ணீரை ஊற்றி, என் பிள்ளை தங்க வேண்டும் சாமி என்று கும்பிட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

எச்சில் கையோடு எழுந்து வந்த என் வீட்டுக்காரர் என் காதருகே சொன்னார்: "இது சாமி இல்ல. ஆளு நெதானத்துல இல்ல, கண்ணப் பாரு. நான் பின்னால போயி கையப் புடிச்சிடுறேன்."

"வாயில அடிச்சுக்குங்க! சாமி மேல கை வைப்பீங்களா? வவுத்துல ஒண்ணு இருக்குறது நெனப்பு இருக்கா?" என்றேன்.

அவர் என் வயிற்றைப் பார்த்தார். பின்வாங்கிவிட்டார். இரண்டே எட்டுத் தூரம்தான். அந்த ஆள் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றார். பிறகு மெதுவாகத் திரும்பித் தன் வீட்டைப் பார்க்க நடந்தார். நாங்கள் கை கூப்பியபடி ஒதுங்கி வழி விட்டோம். ஐயோ, வழி விட்டோம்! அவர் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். அடுப்படியில் அவர் மனைவி இருந்தாள்.

முதல் அலறல் கேட்டபோதுகூட ஒரு கிழவர், "சாமி பேசுது" என்றார். இரண்டாவது அலறலில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

"மாத்தா! மாத்தா!" என்று கூட்டம் எங்கள் வாசலுக்கு ஓடி வந்தது. அவர் ஒருவனைச் சைக்கிளில் ஸ்டேஷனுக்கு விரட்டிவிட்டு, மாட்டியிருந்த தடியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக் கொல்லைப்பக்கம் ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். பின்கதவு மெல்லிய பலகை. அவர் காலைத் தூக்கவும் நான் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"அவன் கையில பாராங் இருக்கு, ஒங்க கையில கட்டை. துப்பாக்கி வரட்டும். ஒங்களுக்கு இப்ப டூட்டி இல்லைங்க!"

"டூட்டி இல்லேன்னா நான் மாத்தா இல்லையா? விடு புள்ள!"

"நீங்க போனா நான் இங்கயே விழுந்து செத்துருவேன். இதுவும் போயிரும்!" அவர் கையை இழுத்து என் வயிற்றில் வைத்து அழுத்தினேன்.

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "அக்கா! மாத்தா அண்ணன வரச் சொல்லுங்கக்கா!" என் அழுகைச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று நம்பித்தான் கூப்பிட்டாள்.

அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "நீயே சொல்லு. போவட்டுமா, வேணாமா?"

"வேணாம்" என்றேன்.

அவள் இன்னும் இரண்டு தடவை அக்கா என்றாள். நான் பிடியை விடவில்லை. அப்புறம் உள்ளே சத்தமே இல்லை.

துப்பாக்கியோடு வந்த போலீஸ் ஒரே உதையில் அந்தப் பலகையைத் தள்ளிவிட்டது. அந்த ஆள் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, பாராங்கைக் கீழே போட்டுவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டாராம். அவளைத் துணி போட்டு மூடித் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது.

மறுநாள் விசாரணையில் மேலதிகாரி என் வீட்டுக்காரர்மேல் குற்றம் இல்லை என்றார். கையில் ஆயுதம் இல்லாதவன் ஆள் வரும்வரை நின்றது சரிதான் என்று எழுதினார்களாம். நான் பிடித்துக்கொண்டதைப் பற்றி இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்குச் சாமி வந்திருச்சு என்று கத்திய அதே வாய்கள், "இவனெல்லாம் ஒரு மாத்தாவா" என்று காதுபடப் பேசின. அவர் தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குப் போனார்.

மூன்றாம் நாள் அவளுடைய அம்மா தோட்டத்திலிருந்து என்னைத் தேடி வந்தார். மண்ணை வாரித் தூற்றுவார் என்று பயந்து நின்றேன். அவர் கத்தவில்லை. பைப்படியில் உட்கார்ந்து, ஒன்றே ஒன்று கேட்டார். "உள்ள இருந்தது நீயா இருந்தா, ஒம் புருசன் வெளிய நின்னுருப்பாராம்மா?"

அந்தம்மா என் வயிற்றைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் பெல்ட்டின் பித்தளைக்கு பிராஸோ போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னால் அடக்க முடியவில்லை, அதே கேள்வியைக் கேட்டுவிட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"போவட்டுமான்னு எவன்கிட்ட கேட்டுருப்பேன்? ஒடச்சிக்கிட்டு உள்ள போயிருப்பேன்" என்றார்.

அவளை அடக்கம் பண்ணிய மண் இன்னும் காயவில்லை. அந்தப் பதிலைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.