பாங்குக்குப் பின்னும் காத்திருந்த பேரீச்சம்பழம்

மதிப்பிற்குரிய ஐயா,

ஆம்பூர்த் தோல் மண்டியில் நான் பணியாற்றிய காலத்தில், தாயை இழந்த நாய்க்குட்டியொன்றை வளர்த்துவந்தேன். ஒருநாள் அதற்கு வயிற்றுப்போக்குக் கண்டது. பட்டினியால் இறந்துவிடுமோ என்றஞ்சி, பாலும் நெய்ச்சோறும் மாறி மாறி ஊட்டினேன். குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது. வலிந்து புகட்டியதையும் கக்கியது. இருப்புக் கொள்ளாமல் மீண்டும் பால் காய்ச்சினேன்.

அடுத்த வீட்டு ஹாஜிரா பீபி நாயைத் தொடாதவர். அன்று ரமலான் நோன்பிலிருந்தார். சுவருக்கு அப்பாலிருந்து என்னை அதட்டினார்:

"இன்னாண்ணே, அத்தப் போய் பேஜார் பண்றீங்க? தண்ணி மட்டும் வையுங்க. நானுந்தான் காலையிலேர்ந்து ஒண்ணும் துன்னல, செத்தா போய்ட்டேன்?"

"அது பச்சக்குட்டியாச்சேம்மா!"

"வவுறு ஆறட்டும். சாயங்காலம் நான் தர்றேன்."

தண்ணீர் மட்டும் வைத்துவிட்டு, மாலைவரை முற்றத்தில் நடந்துகொண்டேயிருந்தேன். உப்பும் பூண்டும் சேர்க்குமுன் எடுத்து ஆறவைத்த நோன்புக் கஞ்சியைக் கொட்டாங்கச்சியில் ஊற்றிச் சுவர்மேல் வைத்தார் அவர். நான் அதைக் குட்டியின் முன் வைத்தபோது, நோன்பு திறப்பதற்கான பாங்கு பள்ளிவாசலில் ஒலித்தது. பேரீச்சம்பழத்தைக் கையிலேந்தியபடி அவர் குட்டியையே பார்த்து நின்றார்.

குட்டி மெல்ல நக்கியது.

"குடிக்குதுண்ணே!" என்ற பின்னரே பழத்தை வாயிலிட்டார்.

குட்டி பிழைத்தது. அன்று அவர் அதட்டும்வரை என் அச்சத்திற்கே நான் உணவூட்டியிருந்தேன் என்பது பின்னரே விளங்கிற்று. பிறருக்கும் உதவக்கூடுமென்பதால் இக்குறிப்பைத் தயவுகூர்ந்து பத்திரப்படுத்தி வைக்க வேண்டுகிறேன்.