கம்ப்யூட்டர் கொடுத்த செவ்வாய் தோஷம்

எங்கள் வீட்டுக்கு வாஷிங் மெஷின் வருவதற்கு முன்பே கம்ப்யூட்டர் வந்துவிட்டது. எண்பதுகளின் கடைசி அது. நான் குமாஸ்தாவாக இருந்த கப்பல் சரக்கு அலுவலகத்தில் புது இயந்திரங்கள் வந்து இறங்கின. பழையவற்றை வேண்டியவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று மேனேஜர் சொன்னார். எல்லாரும் யோசித்துக்கொண்டு நின்றபோது நான் கையைத் தூக்கிவிட்டேன். எனக்கு எப்போதும் அப்படித்தான், கை முதலில் போகும், புத்தி பின்னால் வரும்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்களுடையது ரயில்வே குவாட்டர்ஸ் வீடு. அப்பா ரயில்வேயில் இருந்தார். கம்ப்யூட்டரை வைக்க இடம் ஏது? அம்மாவின் தையல் மேசையைப் பிடுங்கிக்கொண்டேன். அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு மனசு கேட்காமல், மிச்சமிருந்த ரவிக்கைத் துணியில் அதற்கு ஓர் உறை தைத்துக் கொடுத்தார். சிவப்பில் மஞ்சள் பூப்போட்ட உறை.

கருப்புத் திரையில் பச்சை எழுத்து. அந்தப் பெட்டிக்குச் சொந்தமாக ஞாபகம் என்று ஒன்றும் கிடையாது. ஒரு ஃபிளாப்பியைப் போட்டு எழுப்ப வேண்டும், இன்னொன்றைப் போட்டு வேலை சொல்ல வேண்டும். பிரிண்டர் ஓடினால் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்து அழும். ஆனாலும் எனக்கு அதன்மேல் அப்படி ஒரு ஆசை. வேலை முடிந்து வந்து முகம் கழுவி, ஒரு கோப்பை தேத்தண்ணியோடு அதன் முன்னால் உட்கார்ந்தால் உலகமே என் கையில் இருக்கிற நினைப்பு. எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் நான்தான் கடிதம் அடிப்பேன். தண்ணீர் வராததற்கு ஒன்று, பிள்ளையைப் பள்ளி மாற்றுவதற்கு ஒன்று. எழுத்துப் பிழை வந்தால் வெள்ளை மை பூச வேண்டாம், பின்னால் போய் அழித்துவிடலாம். அந்தச் சுகம் தட்டச்சு இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் தெரியும்.

அலுவலகத் தோழி ஒருத்தி மெட்ராஸ் போய் வந்தபோது ஜாதகம் கணிக்கும் ப்ரோகிராம் ஒன்றை இரண்டு ஃபிளாப்பியில் கொண்டுவந்து கொடுத்தாள். அவ்வளவுதான், கூட்டம் இன்னும் கூடிவிட்டது. பெயர், பிறந்த தேதி, நேரம், ஊர் என்று வரிசையாகக் கேட்கும். கடைசியாக, லண்டன் நேரத்துக்கு எத்தனை மணி முன்னால் என்று கேட்கும். அலுவலக டைரியின் முதல் பக்கத்தில் கோலாலம்பூருக்கு எட்டு என்று போட்டிருந்தது. நானும் எட்டு என்று தட்டுவேன். கொஞ்ச நாளில் விரல் தானாகவே அங்கே போக ஆரம்பித்தது. இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்ட காகிதத்தில் கட்டங்களோடு ஜாதகம் வந்து விழும்போது அண்டை வீட்டு ஆட்கள் வாய் பிளந்து நிற்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

அந்தப் பிரிண்டர் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். அதைப் பார்க்க வந்தவர்தான் அவர். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் வேலை. முதல் நாள் மூடியைத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு கரப்பான்பூச்சியைக் காலைப் பிடித்துத் தூக்கி, "மிஸ், இவரும் உங்க வீட்டு ஆளா?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் தேத்தண்ணி கூடக் கொடுக்கவில்லை. அப்புறம் பிரிண்டர் மாதம் ஒருமுறை கெட்டது, பிறகு வாரம் ஒருமுறை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பாதி நாள் ரிப்பனைக் கழற்றி வைத்தது நான்தான். ஒரு வருடம் இப்படிப் போனது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், என் அப்பா அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. கடைசியில் அவர் கிள்ளானில் இருந்த தன் அம்மாவிடம் சொன்னார்.

அவர் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஜாதகம்.

கையால் எழுதிய என் ஜாதகத்தைக் கரையான் தின்று பல வருடம் ஆகியிருந்தது. "அதுக்கென்ன, நானே அடிச்சுத் தரேன்" என்றேன் பெருமையாக. பங்குனி மாதம், மாலை ஏழு நாற்பது, கோலாலம்பூர், எட்டு. ஓரங்களைப் பதமாகக் கிழித்து, உறையில் போட்டு, அவர் கையிலேயே கொடுத்தனுப்பினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துக்கூடப் பார்க்கவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

அடுத்த வாரம் வந்தவர் உட்காரவில்லை.

"அம்மா ஜோசியர்கிட்ட காட்டிட்டாங்க. உங்களுக்குக் கன்னி லக்னமாம், ஏழுல செவ்வாயாம். எனக்கு அந்தத் தோஷம் இல்ல. சேரவே சேராதுன்னு சொல்லிட்டாரு."

"உங்க அம்மாவுக்கு வேற வேலையே இல்லையா? இந்தக் காலத்துல யாரு இதெல்லாம் பாக்கிறா?"

மாதத்துக்கு இருபது பேருக்கு ஜாதகம் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த நான் கேட்ட கேள்வி இது. அவர் சிரிக்கவில்லை. "அப்பா இல்லாத வீடு. நான் ஒத்தப் பிள்ளை. பொண்ணுக்கு மட்டும் செவ்வாய் இருந்தா மாப்பிள்ளை உசுருக்கு ஆகாதுன்னு சொல்றாங்க. அவங்க பயப்படுறாங்க, நான் என்ன செய்ய முடியும்?" என்றார். அவர் அப்பா போனபோது இவருக்கு ஆறு வயது. அதற்கு மேல் என் கோபம் நிற்க இடமில்லாமல் போய்விட்டது. அம்மாவை எதிர்த்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் வரக்கூடியவர் இல்லை.

பிளக்கைப் பிடுங்கி, உறையைப் போட்டு மூடினேன். பத்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை. யாராவது கடிதம் அடிக்க வந்தால் கெட்டுப்போச்சு என்று சொல்லி அனுப்பினேன். அம்மா பாவம், "உன்னோடது சுத்த ஜாதகம்னு எழுதுனவரே சொன்னாருடி, செவ்வாய்ப் பேச்சே இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கரையான் தின்றதை வைத்துக்கொண்டு யாரிடம் போய் வாதாடுவது?

பதினோராவது நாள், அம்மா சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்து நின்றபோது அவர்மேல் பாய்ந்தேன்.

"நான் பொறந்த நேரத்த நீதான் தப்பா சொல்லியிருக்க!"

"எனக்கா தெரியாது? உங்கப்பா கைக்கடிகாரத்துல பாத்தாரு. ஏழு நாப்பது. அன்னைக்கு விளக்கேத்தி ஒரு மணி நேரம் ஆகியிருந்துச்சு, வெளிய கும்மிருட்டு. மழை வேற."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழரை தாண்டியிருந்தது. வெளியே பிள்ளைகள் இன்னும் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். "ஏழு நாப்பதுக்கு ஏதும்மா கும்மிருட்டு? இப்பத்தானே விளக்கே ஏத்துன?"

"அதான் அரை மணி நேரத்தத் திருடிட்டானுங்களே!" என்று கத்தினார் அம்மா. "அப்பெல்லாம் ஆறே முக்காலுக்கே பொழுது சாஞ்சிடும். நேரத்த மாத்துனாலும் மாத்துனானுங்க, காலையில இருட்டுலயே எழுந்து உங்கப்பாவுக்குச் சோறு கட்ட வேண்டியதா இருக்கு."

எண்பத்திரண்டு புத்தாண்டில் நாங்கள் எல்லாரும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தோம். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றாக இருக்க வேண்டும் என்று அரசாங்கம் செய்த மாற்றம். அம்மா அந்த அரை மணியைப் பற்றி எட்டு வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்தார், நாங்களும் காதில் வாங்காமலே இருந்தோம். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் பிறந்தபோது லண்டனுக்கு நாம் எட்டு மணி முன்னால் இல்லை. ஏழரை!

உறையை இழுத்து எறிந்தேன். முதல் ஃபிளாப்பி, இரண்டாவது ஃபிளாப்பி. எல்லாவற்றையும் தட்டிவிட்டு, எட்டுக்குப் பதில் ஏழரை என்று தட்டினேன். துலா லக்னம். செவ்வாய் ஆறில். "அம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் பந்து விளையாடிய பிள்ளைகள் கூட நின்றுவிட்டார்கள். அம்மாவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். எதற்கு என்று அவருக்கு விளங்கவே இல்லை.

மறுநாளே எங்கள் வரிசை வீடுகளுக்குப் போய், எண்பத்திரண்டுக்கு முன் பிறந்தவர்களுக்கு நான் தப்பாக அடித்துக் கொடுத்த ஜாதகத்தையெல்லாம் திருப்பி வாங்கினேன். மானம் போனது, போகட்டும். முதலில் பத்துப் பேருக்குப் புதிதாகப் போட்டுப் பார்த்ததில் இரண்டு பேருக்குத்தான் லக்னம் மாறியது. மற்றவர்களுக்குக் கட்டம் அப்படியே இருந்தது. அதில் ஒரு அங்கிள், பழைய காகிதத்தில் ராஜயோகம் இருக்கிறது என்று சொல்லி அதைத் திருப்பிக் கொடுக்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

பழுது பார்க்கும் கடைக்குப் போன் செய்து அவரிடம் சொன்னேன். அன்று சாயங்காலமே அவர் அம்மாவின் பதில் வந்தது. "மிஷின்ல அடிக்கிறவ என்ன வேணும்னாலும் அடிப்பா. நேத்து ஏழுல செவ்வாய், இன்னைக்கு ஆறுல. நாளைக்கு எங்க போவும்?"

நியாயமான பேச்சு. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அழுது புரண்டு பயனில்லை. அவர் அம்மா நம்புகிற காகிதம் ஒன்று இருந்தது. கோயில் ஐயர் கையால் எழுதிய, தன் மகனுடைய ஜாதகம். அந்த மகனும் எண்பத்திரண்டுக்கு முன்னால் பிறந்தவர்தானே? அதே நேரத்தை இந்த மிஷினில் போட்டால் ஏழரைக்குத்தான் ஐயர் எழுதியது வரும், உங்கள் அம்மாவே தட்டிப் பார்க்கட்டும் என்றேன் அவரிடம்.

"பொண்ணு பேசி முடிக்கிறதுக்கு முன்னாடி மாப்பிள்ளை வீட்டுக்குப் போவியா? வெக்கமா இல்லையாடி?" என்று அம்மா வாசலை மறித்தார்.

"நான் பொண்ணா போகல. கம்ப்யூட்டருக்குத் துணையா போறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கடை வேனைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அப்பா பின்னால் உட்கார்ந்து மானிட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கிள்ளான் போய்ச் சேரும்வரை நான் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். பத்தில் இரண்டு பேருக்குத்தான் மாறுகிறது. இவருக்கு மாறாமல் போனால்? எட்டுக்கும் ஏழரைக்கும் ஒரே கட்டம் வந்தால் நான் பொய்க்காரி என்பது உறுதியாகிவிடும். அதற்கப்புறம் இவரை நான் பார்க்கவே முடியாது. முன்கூட்டிப் போட்டுப் பார்க்கலாம் என்றால், அவருக்குத் தன் பிறந்த நேரமே தெரியவில்லை. நல்ல ஆள்!

அவர் அம்மா ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, வாசலில் நின்றார். அப்பாவுக்கு மட்டும் வணக்கம் சொன்னார். மேசையில் எல்லாவற்றையும் பூட்டி முடிக்கும்வரை தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கூடக் கேட்கவில்லை. மஞ்சள் துணியில் சுற்றிய நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டேன். "ஆன்டி, நீங்களே உக்காருங்க. நான் கை வைக்க மாட்டேன். கேக்கறதுக்கு நோட்டப் பாத்துத் தட்டுங்க. கடைசிக் கேள்விக்கு மட்டும் முதல் தடவை எட்டுன்னு போடுங்க."

ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். அவருக்குப் பொறுமை இருந்தது. எனக்குத்தான் உயிர் போனது. பிரிண்டர் கரகரவென்று ஓடி நின்றது. காகிதத்தைக் கிழித்து நோட்டோடு சேர்த்துப் பிடித்தார். மேலும் கீழும் பார்த்தார்.

"அலாமாக்! என்னா இது? நாலுல செவ்வாய்னு வருது! என் மகனுக்கா தோஷம்? நோட்டுல மூணுலதானே இருக்கு? என்னா மிஷின்லா இது, கண்டபடி அடிக்குது!"

நான் லக்னம் மாறினால் போதும் என்றுதான் வேண்டிக்கொண்டு வந்தேன். இவ்வளவு கேட்கவில்லை. "அதான் ஆன்டி, எனக்கும் அப்படித்தான் அடிச்சது. இப்ப எட்ட அழிச்சிட்டு ஏழரைன்னு தட்டுங்க. உங்க மகன் பொறந்தப்ப நம்ம நேரம் அதுதான்."

தட்டினார். வந்த காகிதத்தை நோட்டின்மேல் வைத்து, கட்டம் கட்டமாக விரலை ஓட்டினார். மூன்றில் செவ்வாய். ஐயர் எழுதியது அப்படியே இருந்தது. பிறகு என்னைப் பார்க்காமல், "இந்தப் பொண்ணு நேரத்த நீங்க சொல்லுங்க" என்று அப்பாவிடம் கேட்டு, என்னுடையதையும் அவரே தட்டினார். எட்டில் ஒன்று, ஏழரையில் ஒன்று. நான்கு காகிதங்களையும் மடியில் பரப்பி வைத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார்.

"எட்டுன்னு வச்சா ரெண்டு பேருக்கும் தோஷம் இருக்கு. ஏழரைன்னு வச்சா ரெண்டு பேருக்கும் இல்ல" என்றார் கடைசியில். "எப்படிப் பாத்தாலும் சேருது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்குக் கல்யாணம் ஆனப்ப ஒண்ணுமே பாக்கல. பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமோ, இவன் அப்பா இருந்திருப்பாரோன்னு இத்தனை வருஷமா ஓடிக்கிட்டே இருக்கு. அதான் பயந்துட்டேன்." பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "வர்ற வெள்ளிக்கிழமை நாங்க பூ வைக்க வரலாமா?"

அப்பா என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கண்ணில் முட்டிக்கொண்டு வந்தது. எல்லார் முன்னாலும் அழுவதா என்று, ஃபிளாப்பியை எடுப்பதுபோல மேசைமேல் குனிந்துகொண்டேன். குனிந்தவளால் நிமிர முடியவில்லை.

"ஒரு ஃபிளாப்பி எடுக்க இவ்ளோ நேரமா?" என்று பின்னாலிருந்து அவர் கேட்டார்.

"நீ சும்மா இருடா" என்று அவர் அம்மா மகனை அதட்டினார். "அவ மெதுவா எடுக்கட்டும்."