பூட்டிய வீட்டுத் தரைத்தொட்டி

பட்டப்பகலில் டார்ச் அடித்துக்கொண்டு போகிறவர் என்றுதான் அந்த அக்காவை எங்கள் பகுதியில் அடையாளம் சொல்வார்கள். உச்சி வெயிலில், ஒரு வீட்டின் பின்புறம் நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்முக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, டார்ச் பிடித்த கை மட்டும் உள்ளே ஆட, “இந்தா ஓடுது பாருங்க சார்” என்று அவர் என்னைக் கூப்பிட்டது இப்போதும் கண்ணில் நிற்கிறது. நான் குனிந்து பார்த்தேன். எனக்குத் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. அவர் வெளிச்சத்தை ஒரு மூலையில் நிறுத்தி வைத்தார். கொஞ்ச நேரத்தில் நூல் நறுக்குகள் போலச் சில வளைந்து துள்ளி அடிக்கு இறங்கின. கொசுப்புழுக்கள். வீட்டுக்காரப் பெண், அது தூசி என்றார். அக்கா உள்ளங்கையில் தண்ணீரை அள்ளி அவர் முகத்துக்கு நேரே நீட்டி, “தூசி நீந்துமா தாயி?” என்று கேட்டார்.

நான் அப்போது தென்காசியை ஒட்டிய பகுதிக்குச் சுகாதார ஆய்வாளராக வந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. குத்துக்கல்வலசைப் பக்கம் வயல்களெல்லாம் மனைகளாகி, வருடத்துக்கு ஒரு புது நகர் முளைத்துக்கொண்டிருந்தது. வீடு வீடாகப் போய்த் தண்ணீர்ப் பாத்திரங்களைத் திறந்து பார்ப்பது, புழு இருந்தால் கொட்டச் சொல்வது, கொட்ட முடியாததில் மருந்து ஊற்றுவது, பதிவேட்டில் எழுதுவது. இதுதான் அக்காவின் வேலை. தினக்கூலி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கணவர் இல்லை. ஒரே மகன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். அந்தப் பதிவேட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

அவருக்கு வாய் நீளம். எந்த வீட்டுப் பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும், யார் வீட்டு மாடியில் உடைந்த கழிப்பறைக் கோப்பை கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். திட்டுவதற்குத் தயங்கமாட்டார். யார் வீட்டிலும் காப்பி குடிக்கமாட்டார். ஒருமுறை நான் வற்புறுத்தியபோது, குடித்துவிட்டால் அடுத்த வாரம் அந்த வீட்டைத் திட்ட முடியாது என்றார். அவர் தெருவுக்குள் நுழைவது தெரிந்தால் சில பெண்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவர் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே டி.வி. ஓடும் சத்தம் கேட்கிறது என்று எல்லோரும் கேட்கும்படி சொல்வார். அவரைப் பற்றி என்னிடம் வராத புகார் இல்லை. உண்மையைச் சொன்னால், அவரோடு தெருவில் நடக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

சாத்திய கதவுகளை அவர் சமாளித்துவிடுவார். பூட்டிய வீடுகள்தான் அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்தன. எங்கள் பக்கம் அப்படிப்பட்ட வீடுகள் நிறைய. வளைகுடாவுக்குப் போனவர்கள் கட்டிப் பூட்டியவை, பட்டாளத்திலும் போலீஸிலும் இருப்பவர்கள் ஓய்வு பெற்றபின் வந்து குடியேறலாம் என்று கட்டிப் பூட்டியவை. அப்படி ஒரு போலீஸ்காரரின் வீடு குத்துக்கல்வலசைப் பக்கத்துப் புதுநகர் ஒன்றின் மூன்றாம் தெருவில் இருந்தது. அவர் வடக்கே ஏதோ மாவட்டத்தில் வேலையில் இருந்தார். சாவி அடுத்த தெருவில் குடியிருந்த அவருடைய அண்ணனிடம். பக்கத்து வீட்டு மாடியில் ஏறிப் பார்த்தால் அந்த வீட்டுக் கொல்லையில் தரைத்தொட்டியின் மூடி பாதியாக உடைந்து கிடப்பது தெரியும். குழாயை அடைக்காமலேயே போய்விட்டதால் தண்ணீர் திறக்கும்போதெல்லாம் தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தது.

அக்கா அதைப் பார்த்த வாரமே என்னிடம் சொன்னார். நான் ஒருமுறை போய் அந்த அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் வாசலில் நின்றபடியே பேசினார். “வீட்டுக்காரன் போலீஸ்ல இருக்கான் தம்பி. தீபாவளிக்கு வருதான். அவனே தொறப்பான்” என்றார். போலீஸ் என்ற சொல்லை அவர் கொஞ்சம் அழுத்திச் சொன்ன மாதிரி எனக்குப் பட்டது. அப்படிப்பட்ட வீடுகளுக்கு நோட்டீஸ் ஒட்டி, சாட்சி வைத்து, மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கித் திறப்பதற்கு வழி உண்டு. என் மேசை இழுப்பறையிலேயே அந்தப் படிவம் கிடந்தது. அதை நிரப்ப அரைமணி நேரம் போதும். நான் நிரப்பவில்லை. வாரா வாரம் பதிவேட்டில் அந்த வீட்டுக்கு நேரே ‘பூட்டியுள்ளது’ என்று அக்கா எழுதுவார். குறிப்புக் கட்டத்தில் கோணல் எழுத்தில் ‘சாரிடம் சொன்னேன்’ என்றும் எழுதுவார். நான் அதன் கீழே கையெழுத்துப் போடுவேன்.

சாரல் தொடங்கியபின் மூன்றாம் தெருவில் காய்ச்சல் வந்தது. முதலில் ஒரு பையன். பிறகு எதிர்வீட்டில் அக்காள் தங்கை இரண்டு பேர். அந்தத் தெருவில் மற்ற எல்லா வீட்டையும் அக்கா துடைத்துவைத்த மாதிரி வைத்திருந்தார். இந்தக் கொசு வெகுதூரம் பறக்காது, பூட்டிய வீட்டிலிருந்துதான் வருகிறது என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் இந்த வாரம் நோட்டீஸ் போட்டுவிடலாம் என்றேன். போன வாரமும் அதையேதான் சொல்லியிருந்தேன்.

பிறகு ஒரு நாள் காலை. சீசன் என்பதால் என்னைக் குற்றாலத்தில் விடுதிகளைச் சோதிக்கப் போட்டிருந்தார்கள். அருவிச் சத்தத்துக்கு நடுவே போன் வந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டுதான் பேச வேண்டியிருந்தது.

“சார், பூட்டுன வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பாப்பாவத் திருநெல்வேலிக்குத் தூக்கிட்டுப் போறாவ. ரத்தத்துல அணு கொறஞ்சிட்டாம். நான் ஏணி போட்டு அங்கன ஏறி அந்தத் தொட்டியப் பாத்துருதேன் சார்.”

எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏறுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, “பாத்துச் செய்யுங்கக்கா.”

அந்த ஒரு வரியில் அனுமதியும் இருந்தது, நான் நழுவிக்கொள்ள ஒரு சந்தும் இருந்தது. அது தானாக வாயில் வந்தது என்று நெடுநாள் என்னை நானே நம்பவைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. யோசித்துத்தான் சொன்னேன்.

அக்கா பக்கத்து வீட்டு ஏணியைப் போட்டுச் சுற்றுச்சுவர் ஏறி இறங்கினார். தொட்டி முழுக்கப் புழு. வாளி வாளியாக இறைத்துக் கொட்டி, சுவரைத் தேய்த்துக் கழுவி, குழாயை அடைத்து, மருந்தும் ஊற்றியிருக்கிறார். இரண்டு மணி நேர வேலை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நனைந்த கோலத்தில் அவர் சுவரேறித் திரும்பும்போது சாவிக்கார அண்ணாச்சி கீழே நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கொசு மருந்து ஊற்றுவதாகச் சொல்லிப் பூட்டிய வீட்டுக்குள் புகுந்த பெண் என்று சாயங்காலத்துக்குள் அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றியது. எனக்கே நான்கு பேர் அனுப்பினார்கள். அக்காவின் மகனுக்குக் கல்லூரி நண்பர்கள் அனுப்பியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அன்று நான் அவருக்குப் போன் செய்யவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் விசாரணை. மேலதிகாரி, அந்த அண்ணாச்சி, வார்டு உறுப்பினர், நான். அக்கா கதவோரம் நின்றார். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை. வீட்டில் ஒரு பொருளும் காணாமல் போகவில்லை என்பதை அண்ணாச்சியே ஒப்புக்கொண்டார். ஆனால் இன்று தொட்டி, நாளைக்குப் பீரோ என்றார். மேலதிகாரி என் பக்கம் திரும்பி, இந்த அம்மா உங்களிடம் கேட்டுவிட்டா ஏறினார் என்று கேட்டார்.

“போன் வந்துச்சு சார். ஆனா ஏறச் சொல்லி நான் சொல்லல” என்றேன்.

சொல்லுக்குச் சொல் பார்த்தால் அதில் பொய் இல்லை. அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். டிரம்முக்குள் டார்ச் அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். பிறகு மேலதிகாரியிடம், “சார் சொல்லல. நானாத்தான் ஏறுனேன்” என்றார்.

தினக்கூலிக்கு ஆணை எதுவும் வேண்டியதில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். அவர் பையிலிருந்து மருந்துப் புட்டியையும் பதிவேட்டையும் எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பதிவேட்டை ஒருவர் புரட்டியிருந்தால் போதும், வாரா வாரம் ‘சாரிடம் சொன்னேன்’ என்ற வரியும் அதன் கீழ் என் கையெழுத்தும் பேசியிருக்கும். அது அவருக்குத் தெரியாமல் இருக்காது. விசாரணை முடியும்வரை அது அவர் தோளில் தொங்கிய பைக்குள்தான் இருந்தது. அவர் போனதும் நான் புதுப் பதிவேடு ஒன்று போட்டேன். பழையதைக் கிழித்து அலுவலகக் குப்பையோடு சேர்த்தேன். யாரும் கேட்கவில்லை.

திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு போன குழந்தை பிழைத்து வீடு திரும்பியது. மூன்றாம் தெருவில் அதன்பிறகு புதிதாக யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. அந்த ஆண்டு இறுதிக் கூட்டத்தில் எங்கள் பகுதியில் காய்ச்சலைச் சீக்கிரம் கட்டுப்படுத்தியதாக என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். நின்றேன். அந்தத் தெருப் பக்கம் மட்டும் அதன்பிறகு நான் போகவே இல்லை. புதிதாக வந்த பணியாளர்களை அனுப்பினேன். அவர்கள் எழுதி வந்ததில் கையெழுத்துப் போட்டேன்.

சில ஆண்டுகள் கழித்து, போன சீசனில், குற்றாலத்தில் ஒரு விடுதிக்குச் சோதனைக்குப் போனேன். மேலாளர், மாடித் தொட்டியைக் காட்ட ஆள் அனுப்புவதாகச் சொன்னார். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்தது அக்கா. தலை பாதி நரைத்திருந்தது. “வாங்க சார்” என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் படியேறினார். மாடியில் தூறல். தொட்டியின் மூடியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே அடி தெரியும் அளவுக்குத் தண்ணீர் தெளிந்திருந்தது.

நான் மெதுவாக ஆரம்பித்தேன். அன்றைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றேன். அவர் மூடியைப் பொருத்திக்கொண்டே, அது முடிந்துபோன கதை என்றார். மகனுக்குக் கோயம்புத்தூரில் வேலை என்றும், சீசனுக்குச் சீசன் தனக்கு இங்கே வேலை இருக்கிறது என்றும் சொன்னார். நான் விடவில்லை. பதிவேடு கையில் இருந்தும் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன். எனக்காக என்று சொல்வார் என எதிர்பார்த்தேனோ என்னவோ.

“ரெண்டு பேரும் போயிட்டா அந்தத் தெருவுக்கு யாரு சார் வருவா? நீங்களாவது போவீங்கன்னு நெனச்சேன்.”

தூறல் கொஞ்சம் வலுத்தது. அவர் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார். “அந்தத் தொட்டிக்கு மூடி போட்டாச்சா சார்?”

“போட்டாச்சுக்கா” என்றேன். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“என்ன மூடி?”

“சிமெண்ட் மூடி.”

“சிமெண்டா?” என்றார். ஆமாம் என்றேன். “நல்லது சார்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மறுநாள் விடிந்ததும் குத்துக்கல்வலசைக்கு வண்டியை விட்டேன். மூடி இல்லாவிட்டால் அன்றைக்கே ஒன்று வாங்கிப் போட்டுவிடுவது, சொன்னதை உண்மையாக்கிவிடுவது என்று எண்ணம். வீடு பூட்டியிருக்கவில்லை. வாசுதேவநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளம் தம்பதி வாடகைக்குக் குடியிருந்தார்கள். அடையாள அட்டையைக் காட்டியதும் அந்தப் பெண் என்னைக் கொல்லைக்கு அழைத்துப் போனார்.

தொட்டிக்கு மூடி இருந்தது. பழைய ஜன்னல் கதவு ஒன்றை அளவாக அறுத்து, கொசுவலையை இரண்டு மடிப்பாக மடித்து ஆணியடித்து, மேலே செங்கல் வைத்திருந்தார்கள். யார் செய்தது என்று கேட்டேன்.

“நாங்க குடிவந்த வாரமே ஒரு அக்கா கொண்டாந்து போட்டாங்க சார். டார்ச் வச்சிருப்பாங்க. சீசன் இல்லாத மாசத்துல வந்து தூக்கிப் பாத்துட்டுப் போவாங்க. காப்பி குடுத்தா குடிக்க மாட்டாங்க.”

அந்த மூடியை எனக்குத் தூக்கிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. அந்தப் பெண்தான் செங்கலை நகர்த்தித் திறந்து காட்டினார். உள்ளே புழு எதுவும் இல்லை. வாசலுக்கு வந்து நான் வண்டியை எடுக்கும்போது அவர் பின்னாலேயே வந்தார்.

“யாரு வந்துட்டுப் போனான்னு அக்கா கேப்பாங்க சார். என்ன சொல்ல?”

பெயரைச் சொல்லலாம். ஆய்வாளர் என்று சொல்லலாம். “சிமெண்ட் மூடின்னு சொன்ன சார் வந்தாருன்னு சொல்லுங்க” என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் மறந்துவிடக் கூடாதென்று ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. இந்த ஆண்டும் சாரல் விழத் தொடங்கிவிட்டது. குற்றாலத்து விடுதிகளின் பட்டியல் நேற்று என் மேசைக்கு வந்தது. அந்த விடுதியும் அதில் இருக்கிறது. அதை வேறொருவருக்கு மாற்றிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். பிறகு என் பெயரையே எழுதினேன்.