என் சட்டை போட்ட பொம்மை

சிங்காநல்லூரில் எங்கள் வீடு எழும்பிய மாதங்களில் நான் பெரும்பாலும் குஜராத்தில் இருந்தேன். நூற்பு மில்களுக்குப் போய் மெஷின் பொருத்திக் கொடுப்பது என் வேலை. ஒரு மில் முடிந்தால் இரண்டொரு நாள் ஊர், பிறகு அடுத்த மில். வீட்டைக் கூடவே நின்று கட்டியவள் என் மனைவி. அவளுக்குத் துணை எட்டாவது படிக்கும் மகனும் நான்காவது படிக்கும் மகளும்.

பள்ளிக்கூடம் போகும் முன் இரண்டு பேரும் சுவருக்குத் தண்ணீர் விடுவார்கள். லீவு நாளில் செங்கல் எடுத்துக் கொடுப்பார்கள், மணல் சலிப்பார்கள், பலகை பிரித்த பிறகு கிடக்கும் ஆணிகளைப் பொறுக்குவார்கள். எனக்கு இதெல்லாம் போனில்தான். வீடியோ காலில் மகள் வீட்டைச் சுற்றிக் காட்டுவாள். பாதி நேரம் அவள் செருப்புதான் தெரியும். பின்னாலிருந்து அம்மாவும் மகனும் சிரிப்பது கேட்கும். என்னவென்று கேட்டால், உங்களுக்குச் சொன்னால் விளங்காது என்பான் மகன். அத்தனை பெரிய மெஷினைப் பிரித்துப் பூட்டுகிறவனுக்கு ஒரு சிரிப்பு விளங்காதாம்.

எனக்குப் பொறாமை. அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க முடியாது. அதுவும் சொந்தப் பெண்டாட்டி மேல். அவள் கை காய்த்துப் போயிருப்பதைப் பார்த்தாலும் பாவம் என்று தோன்றாது; என் கை காய்க்கவில்லையே என்றுதான் வயிறு எரியும். ஹால் ஜன்னலைக் கிழக்கே வைக்கலாமே என்று ஒருமுறை போனில் யோசனை சொன்னேன். ஜன்னல் வைத்தாயிற்று, பையன்தான் இடம் காட்டினான் என்றாள். ஊருக்கு வந்து பார்த்தேன். நல்ல இடம்தான். அதனால் இன்னும் எரிச்சல்.

அடுத்த முறை ரயிலை விட்டு இறங்கி நேராகக் கட்டடத்துக்குப் போனேன். மொட்டை மாடியில் ஒருவன் கையை விரித்துக்கொண்டு நின்றான். நீலக் கட்டம் போட்ட சட்டை, என்னுடையது. கிட்டே போனதும்தான் திருஷ்டி பொம்மை என்று தெரிந்தது. கட்டுகிற வீட்டின் மேல் ஊர்க்கண் படாமலிருக்க எல்லோரும் கட்டுவதுதான். வைக்கோல் திணித்த உடம்பு, மண்சட்டித் தலை, சுண்ணாம்பில் கண், கரியில் மீசை. மீசையின் இடது பக்கம் என்னுடையதைப் போலவே கொஞ்சம் தூக்கல். பிள்ளைகளே செய்தார்களாம்.

"ஏனுங்க, அச்சு அசல் நீங்கதானுங்க," என்றாள் மனைவி.

அது பழைய சட்டை அல்ல. ஊருக்கு வந்தால் போட்டுக்கொள்ளலாம் என்று நான் மடித்து வைத்துவிட்டுப் போனது. சிரித்து வைத்தேன். ஊரார் பொறாமையை விரட்ட நிறுத்திய ஆளுக்கு, அந்தத் தெருவிலேயே அதிகம் பொறாமை பிடித்தவனின் சட்டை.

அதன்பின் போனில் பொம்மை பற்றித்தான் பேச்சு. மழை வந்தால் அதற்குத் தார்ப்பாய் போர்த்தினார்கள். இரண்டாம் தளத்துக்குக் கான்கிரீட் போட்ட அன்று பொட்டு வைத்தார்கள். சாயங்காலம் கிளம்பும்போது அதனிடம் சொல்லிக்கொண்டு கிளம்புவார்களாம். மனைவி மேல் இருந்த பொறாமை மெல்ல வைக்கோல் மேல் திரும்பியது. கான்கிரீட் போட்ட அன்று அது இருந்தது. நான் சூரத்தில் இருந்தேன். என் பிள்ளைகள் வீடு கட்டிய கதையை நாளைக்கு யாரிடம் சொன்னாலும் அதில் நான் இருக்க மாட்டேன் என்று அன்றைக்கு நன்றாக விளங்கியது.

கிரகப்பிரவேசத்துக்கு லீவு கிடைத்தது. மாடு கன்றோடு உள்ளே வந்து போனது, பால் பொங்கியது, அவிநாசியிலிருந்து வந்த சொந்தக்காரர்களெல்லாம் என் மனைவியையும் பிள்ளைகளையும் சுற்றி நின்று மெச்சினார்கள். இனி எதற்கு என்று பொம்மையைக் கழற்றச் சொன்னாள் மனைவி. அந்த வேலைக்குத்தான் நான் காத்திருந்தேன். அவிழ்த்துக் கீழே கொண்டுவந்து வாசற்படியில் சாய்த்துவிட்டு, வைக்கோலை அள்ள ஒரு சாக்கு தேடப் போனேன். திரும்பி வந்தால் பொம்மை முன்னால் மகள் ஒரு டம்ளர் பாலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு எதுக்கு அம்மணி பாலு?"

"அவருந்தானுங்கப்பா எங்ககூட ஊடு கட்டுனாரு. தெனமும் இங்கயேதான நின்னாரு?"

குத்திக்காட்டுகிற வயசில்லை அவளுக்கு. சொல்லிவிட்டு மற்றவர்களுக்குக் கொடுக்க உள்ளே ஓடினாள். நான் பொம்மைக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டேன். நாக்கு வெந்துபோனது.

அவள் திரும்பி வந்து காலி டம்ளரைப் பார்த்தாள். என் மீசையைப் பார்த்தாள்.

"அது அவருக்கு வெச்சதுங்கப்பா."

"தெரியும் கண்ணு. எனக்கு வேணும்னு இருந்துச்சு."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். சுவரோரம் கிடந்த ஹோஸைக் கை காட்டினாள்.

"அப்ப காம்பவுண்டுக்கு நீங்கதான் தண்ணி உடோணும். நேத்துப் பூசுனது, காயக் கூடாது."

புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹோஸை எடுத்தேன். உள்ளே பந்தி ஆரம்பித்திருந்தது. மகன் இலையிலிருந்து எழுந்து வந்து பார்த்துவிட்டு, மூலையில் சரியாக நனையவில்லை என்றான். அங்கே இன்னொரு தடவை விட்டேன்.