கடைசிப் பந்தி

இன்று அடுப்பில் சாம்பாரை மறந்துவிட்டேன். அடிப்பிடித்த வாசனை மூக்கில் ஏறியதும், திண்டிவனத்தில் அப்பா நடத்திய, இப்போது சுவடே இல்லாத கல்யாணச் சத்திரத்தின் பின்கட்டு கண்முன் வந்து நின்றது. சம்பந்தி வீட்டார் சாப்பிட்டு, ஊரார் சாப்பிட்டு, அண்டாவைச் சாய்த்து அடிப்பிடித்த சாம்பாரைச் சுரண்டுகிற சத்தம் கேட்கும்போதுதான், விடியற்காலையிலிருந்து ஊதிய மேளக்காரர்களுக்கு இலை விழும். அதுவும் கைகழுவிய தண்ணீர் ஓடுகிற பக்கம். பெண் வீட்டார் சங்கடப்பட்டால், "அவங்களுக்கு இன்னா ஜல்தி? கடைசிப் பந்தி போதும்" என்பார் அப்பா.

எங்கள் பக்கத்தில் தேதி குறித்ததும் முதலில் மேளம் பேசுவார்கள். எந்தச் சத்திரம் தேவலை என்று மேளக்காரரிடமே கேட்பார்கள். எங்கள் சத்திர வாசலில் வாழைமரம் கட்டும் நாள்கள் குறைந்துகொண்டே போயின. அப்பா சுண்ணாம்பு அடித்துப் பார்த்தார், மின்விசிறி மாட்டிப் பார்த்தார்.

அக்காவுக்கு நிச்சயமானபோது அப்பா கூப்பிட்டனுப்பிய நாகஸ்வரக்காரர் வாசலோடு நின்றுகொண்டார். "பொண்ணு நல்லா இருக்கட்டுங்க. வேற எங்க வச்சாலும் வந்து ஊதறேன். உங்க சத்திரத்துக்கு மட்டும் வரலீங்க."

மேளம் இல்லாமல் தாலி ஏறுமா? சொந்தச் சத்திரத்தைப் பூட்டிவிட்டு, விழுப்புரத்தில் இன்னொருவர் சத்திரத்தில் அக்காவின் கல்யாணத்தை நடத்தினோம். அங்கே மேளக்காரர்கள் முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள். பெண்ணைப் பெற்றவர் என்பதால் எல்லோரையும் சாப்பிடவைத்துவிட்டு, அப்பா கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

சாம்பார் அடிப்பிடித்திருக்கவில்லை.