முப்பத்தொரு டிக்கெட்

மயிலாப்பூர் குளத்து மூலையில் ஷேர் ஆட்டோவை நிறுத்தி, "தேனாம்பேட்ட ரெண்டு டிக்கெட்டு" என்று கூவிக்கொண்டே தேவானை அண்ணாந்து பார்க்கிறாள். வண்டியின் கறுப்பு ரெக்ஸின் கூரை உட்புறம் முழுக்க வெள்ளைப் பெயிண்டில் கோணல்மாணலாக எழுத்து. ஒன்று முதல் முப்பத்தொன்று வரை எண் போட்டிருக்கிறது. அத்தனையும் டிக்கெட் என்ற ஒரே சொல்லுக்கு அர்த்தம்!

சேலைக்கு மேல் காக்கிச் சட்டை, சட்டைப் பையில் பெயிண்ட் பேனா. ஏறினவர் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் கேள்வி வந்துவிடும். "டிக்கெட்டுன்னா இன்னா? மேல இல்லாதத சொல்லு, துட்டு வேணாம்." காலையில் வேலைக்கு ஓடுகிறவர்களிடம் இது என்ன வம்பு என்று கேட்காதீர்கள். சொல்கிறார்களே! பஸ்ஸில் கிழிப்பது, சினிமாவுக்கு அடித்துக்கொள்வது, தேர்தலில் நிற்கத் தலைவர் வீட்டு வாசலில் தவம் கிடப்பது எல்லாம் முதல் வாரத்திலேயே தீர்ந்துபோயின. "அவன் ஒரு மாதிரி டிக்கெட்டு" பன்னிரண்டாவது. கம்ப்யூட்டர் கம்பெனி ஷண்முகப்ரியா கொடுத்தது இருபத்தாறாவது: அவர்கள் ஆபீஸில் புகாருக்கே அந்தப் பெயராம், காலையில் திறந்து சாயங்காலம் மூடுவார்களாம். அதைக் கேட்ட ஆனந்தத்தில் தேவானை சிக்னல் பச்சையானதைக்கூடக் கவனிக்கவில்லை. பின்னால் வந்த பஸ்காரர் அவள் வம்சத்தையே விசாரித்தார்.

கல்லூரியில் ஆங்கிலம் நடத்தும் வஜீஹா ஒருநாள் சொல்லின் பூர்வீகத்தைச் சொன்னார். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வந்ததாம், ஒட்டிவைத்த சின்னச் சீட்டுக்குப் பெயராம், நாகரிகமாக நடந்துகொள்வதைச் சொல்லும் எட்டிக்கெட் என்பதும் அதனோடு கூடப்பிறந்ததாம். ஒட்டுவது சரிதான், தன் வண்டியில் எல்லோரும் ஒட்டிக்கொண்டுதானே உட்காருகிறார்கள் என்று தேவானை ஒப்புக்கொண்டாள். "அந்த இன்னொன்னுதான் மேடம் நம்பற மாரி இல்ல. எந்த டிக்கெட்டு அடுத்தவன் கால மிதிக்காம ஏறிகீது?"

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது எஃப்.சி. வந்தது. வண்டி ஓடத் தகுதியானது என்று அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் மறுநாளிலிருந்து வண்டி வீட்டு வாசலில்தான், அடுப்பில் பூனைதான். பெயிண்டர் மெஹபூப் பாஷா வெளியே பளபளவென்று மஞ்சள் அடித்து முடித்து, கூரையைத் துடைக்கத் தின்னரும் துணியும் எடுத்தார். அவள் துணியைப் பிடுங்கிக்கொண்டாள். உள்ளே இத்தனை கிறுக்கல் இருந்தால் கையெழுத்து விழாது அக்கா என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். பயம் அவளுக்கும் இருந்தது, சோறு இறங்கவில்லை. ஆனாலும் துணியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

மறுநாள் சோதனை மைதானத்தில் அதிகாரி டிரைவர் சீட்டில் ஏறி ஹாரன் அடித்தார், பிரேக்கை மிதித்தார், விளக்கைப் போட்டு அணைத்தார். எல்லாம் சரி. படிவத்தைத் தொடையில் வைத்துப் பேனாவைத் திறந்தவர், சும்மா இருக்கக் கூடாதா, அண்ணாந்து பார்த்துவிட்டார். வாய்க்குள்ளேயே படித்தார். ஆறாவதில் சிரித்தார். வரிசையில் நின்ற வண்டிகள் பொறுமை இழந்து ஹாரன் அடித்தன. இருபதாவதில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா ஒன்பதும் பதினாலும் ஒண்ணுதானே? டிக்கெட் வாங்கிட்டான்னாலும் ஆள் காலி, டிக்கெட் கிழிஞ்சிருச்சுன்னாலும் ஆள் காலி. ஒண்ண அழிச்சிடு" என்றார். பேனா முனை படிவத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது.

சரி சார் என்று சொன்னால் போதும். பின்னால் நின்ற டிரைவர்கள் எல்லாரும் சொல்லு, சொல்லு என்று கையை ஆட்டினார்கள். அவளும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"அது எப்படி சார் ஒண்ணாவும்? வாங்கனவன் செத்தவன், திரும்பி வரமாட்டான். கிழிஞ்சவன் வேல போனவன், மறுநாளே வந்து நம்ம பக்கத்துல ஒக்காந்து டீ குடிப்பான்."

அதிகாரி சற்று யோசித்துவிட்டு, இல்லை, இரண்டும் ஒன்றுதான் என்றார்.

தேவானை அவர் தொடைமேல் இருந்த படிவத்தை உருவி, நாலாக மடித்து இடுப்பில் செருகினாள். பிறகு, முதலில் இது தீரட்டும், கையெழுத்து அப்புறம் என்று பின் சீட்டில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.